பல்லிடை நூலும் நீர்த்தாரையும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், திருநெல்வேலியையும் கோண்டாவிலையும் கடந்ததும் உரும்பிராயை அடைவர். செம்மண் தோட்டங்களும், சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து தோண்டிய கிணறுகளும், வேலியோரத்துப் பனைகளும் அவ்வூரின் அடையாளங்கள். அங்கே பனங்கிழங்கை அவித்து, தும்பு கிழித்துத் தின்ற எவருக்கும் ஓர் அநுபவம் உண்டு. கிழங்கு வயிற்றுக்குப் போய்விடும்; அதன் தும்பு ஒன்று மட்டும் கடைவாய்ப் பற்கள் இரண்டுக்கு நடுவே தங்கிவிடும். நாக்கு ஓயாது அவ்விடத்தையே நாடிச் செல்லும். வாய் கொப்பளித்தாலும் அது வராது. பல் தீட்டினாலும் வராது. முற்றத்தில் கிடக்கும் தென்னோலை ஈர்க்கு ஒன்றை முறித்துக் குத்தி எடுத்த பின்னரே மனிதருக்கு நிம்மதி பிறக்கும்.

தும்பு தன் இருப்பைத் தானே தெரிவித்துக்கொள்கிறது. ஆகையால் அதனால் பெருந்தீங்கு இல்லை. அதே இடுக்கில், அதே பல்லின் பக்கச் சுவரில், நாள்தோறும் படிகின்ற வேறொரு பொருள் உண்டு. அது நாக்குக்குத் தெரிவதில்லை, கண்ணுக்கும் எளிதிற் புலப்படுவதில்லை, வலியையும் உண்டாக்குவதில்லை. பற்படலம் என்று மருத்துவர் அதனை அழைப்பர். கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தாமே சுரக்கும் பசையினால் ஒன்றோடொன்றும் பல்லோடும் ஒட்டிக்கொண்டு வாழும் மெல்லிய குடியிருப்பு அது. முரசு நோய்க்கும், பல்லிடையில் தோன்றும் சூத்தைக்கும் அங்கேதான் வித்திடப்படுகிறது. இடுக்கிலுள்ள இப்படலத்தைக் கலைப்பதற்கு இன்று மக்கள் கையிலுள்ள சாதனங்களுள் இரண்டு, நூலும் நீர்த்தாரையும். கடைகளில் முன்னதைப் புளொஸ் என்றும் பின்னதை வோட்டர் புளொசர் என்றும் கேட்டு வாங்குகிறார்கள். இவற்றுள் எது நல்லது என்னும் வினா இப்பொழுது உரும்பிராய் வீடுகளிலும் எழுகிறது. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினர் பெட்டியில் இத்தகைய கருவியொன்றும் வந்து சேர்கின்ற காலம் இது.

வினாவுக்கு விடை காணுமுன், தூரிகை ஒன்றே போதாதா என்பதை ஆராய்வது முறையாகும். ஒரு பல்லுக்கு ஐந்து முகங்கள் உண்டு. கன்னத்தை நோக்கிய முகம் ஒன்று; நாக்கை நோக்கிய முகம் ஒன்று; அரைக்கும் முகம் ஒன்று. இம்மூன்றையும் தூரிகை நன்றாகத் துப்புரவாக்கும். ஆனால் அயற்பல்லோடு உரசி நிற்கும் இரு பக்கங்களுக்குள் தூரிகையின் மயிர் நுழைவதில்லை. எத்துணை விலையுயர்ந்த தூரிகையாயினும், எத்துணை நேரம் தீட்டினாலும் இதில் மாற்றம் இல்லை. வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் உமிக்கரியும் கொண்டு பல் தீட்டிய முன்னோர்க்கும் இதே நிலைதான். 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்கு மின்சாரமும் பொருள்களும் தடைப்பட்ட காலத்தில் மக்கள் திரும்பவும் வேம்பையும் கரியையும் நாடினர். குச்சி முன்முகத்தைக் காத்தது, இடுக்கைக் காக்கவில்லை.

காவாது விட்டால் நேர்வது யாது? இதனைத் திட்டமாக அறியச் செய்தவர் நோர்வே நாட்டுப் பேராசிரியர் ஹரால்ட் லோ. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் அவரும் அவர்தம் துணைவரும் நடத்திய சோதனை 1965ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முரசு நலமாயிருந்த 12 பேர் பல் துலக்குவதை முற்றாக நிறுத்தினர். 10 நாள் முதல் 21 நாளுக்குள் அனைவருக்கும் முரசு சிவந்து வீங்கியது. மறுபடியும் துலக்கத் தொடங்கியபின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முரசு பழைய நிலையை அடைந்தது. முரசு நோய் உடற்சூட்டினால் வருவதென்றும், சத்துக் குறைவினால் மாத்திரம் வருவதென்றும் கொண்டிருந்த கருத்துகளுக்கு அச்சோதனை ஒரு தெளிவான மறுமொழியாக அமைந்தது.

மூன்று வாரத்திற் கண்டது இது. முப்பது ஆண்டு கவனியாது விட்டால் என்ன ஆகும் என்பதை அறிய அவர் இலங்கைக்கு வந்தார். 1970ஆம் ஆண்டில் மலைநாட்டில் டன்சினன், ஹரோ என்னும் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் பற்கள் ஆராயப்பட்டன. அவர்கள் தமிழர், தூரிகையும் பல் வைத்தியமும் அறியாதவர்கள். 1985ஆம் ஆண்டு வரை இடையிடையே அவர்களைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்து, மறு ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இறுதிப் பரிசோதனைக்கு எஞ்சியிருந்தோர் 161 பேர்.

அத்தொழிலாளரிடையே பற்சூத்தை ஏறத்தாழ இல்லை எனலாம். ஆகையால் விழுந்த பற்கள் முரசு நோயினாலேயே விழுந்தன என்பது உறுதியாயிற்று. ஆயினும் அனைவருக்கும் அந்நோய் ஒரே வேகத்தில் வரவில்லை. 100க்கு 8 பேருக்கு அது விரைந்து பரவியது. 81 பேருக்கு மெல்ல மெல்ல வளர்ந்தது. 11 பேருக்கு முரசு வீங்கியதேயன்றிப் பல்லைத் தாங்கும் பிடிப்புத் தளரவில்லை. விரைந்து பரவிய வகுப்பினருக்கு 35 வயதிலேயே, பல்லின் வேர் தன் பற்றுதலைச் சராசரி 9 மில்லிமீற்றர் அளவுக்கு இழந்திருந்தது. மெல்ல வளர்ந்தோர் அவ்வயதில் 4 மில்லிமீற்றரும், 45 வயதில் 7 மில்லிமீற்றரும் இழந்திருந்தனர். அவர்களுடைய வாயிலிருந்து உலகம் பெற்ற அறிவு அவர்களுடைய வாய்க்கு எவ்வளவு பயன்பட்டது என்பது தனியே கேட்கவேண்டிய கேள்வி.

ஊர்களில் ஒரு பேச்சு வழங்குகிறது. தாத்தா ஒரு நாளும் பிரஷ் பிடித்ததில்லை, தொண்ணூறு வயதிலும் கரும்பு கடித்தார் என்பர். அது பொய்யன்று. அந்தத் தாத்தா நூற்றுக்குப் பதினொருவருள் ஒருவர். பேரனும் அவ்வகுப்பைச் சேர்ந்தவனா என்பதை முன்கூட்டி அறிவிக்கும் எளிய குறி எதுவும் இல்லை என்பதே இதிலுள்ள இடர். வயது போனால் பல் போகும் என்று சொல்லி ஆறுதல் அடைவதும் வழக்கம். பல்லைப் போக்குவது வயதன்று. வயது கூடக் கூட, கலைக்கப்படாத படலம் தன் வேலையைச் செய்வதற்குக் கிடைத்த காலமே கூடுகிறது.

இனி நூலைப் பார்ப்போம். அமெரிக்காவின் நியூ ஒலியன்ஸ் நகரில் வாழ்ந்த லெவி ஸ்பியர் பாம்லி என்னும் பல் மருத்துவர், மெழுகு பூசிய பட்டு நூலைப் பற்களினிடையே செலுத்தித் துப்புரவாக்கும்படி 1819ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் எழுதினார். 1882ஆம் ஆண்டில் பட்டு நூல் இதற்கெனக் கடைச்சரக்காயிற்று. இரண்டாம் உலகப் போரையொட்டி நைலோன் அவ்விடத்தைப் பிடித்தது. இன்று வழுக்கும் தன்மையுள்ள வேறு செயற்கை இழைகளும் பயனாகின்றன.

நூல் செய்யும் வேலையை உரும்பிராய்க் கிணற்றடியை நினைத்தால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் பாசி பிடித்திருக்கிறது. அதன்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாலும் பாசி போகாது. பொச்சுமட்டையால் உரசினால் போய்விடும். வாய் கொப்பளிப்பது தண்ணீர் ஊற்றுவது போன்றது. நூல் பொச்சுமட்டையைப் போன்றது. அது பல்லின் சுவரைத் தொட்டு உரசுகிறது. உரசுவதால் படலம் கிழிகிறது.

ஆனால் நூலைப் பிடிக்கும் முறை தெரியாதவர்க்கு அதனாற் பயன் சிறிது, தீங்கும் நேரலாம். ஏறக்குறைய ஒன்றரை அடி நீளமான நூலை எடுத்து, இரு கைகளின் நடுவிரல்களிலும் சுற்றி, இடையே ஓரிரு அங்குலம் மட்டும் விட்டுப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இறுகப் பிடித்தல் வேண்டும். பற்கள் உரசும் இடத்தில் அதனை ஒரே அமுக்காக அமுக்கினால் அது சடுதியாக இறங்கி முரசை வெட்டிவிடும். வாளால் அறுப்பதுபோல் மெல்ல முன்னும் பின்னும் அசைத்து இறக்கல் வேண்டும். இறங்கிய பின்னர்ப் பலர் உடனே வெளியே இழுத்துவிடுகின்றனர். சிக்கிய உணவு மாத்திரம் அதனால் அகலும். உண்மையான வேலை அதற்குப் பின்பே தொடங்குகிறது. நூலை ஒரு பல்லின் பக்கத்தை அரைவட்டமாக அணையும்படி வளைத்து, முரசின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை இறக்கி, மேலும் கீழுமாகச் சில முறை உரசுதல் வேண்டும். அதே இடுக்கில் மற்றப் பல்லின் பக்கத்தையும் அவ்வாறே செய்தல் வேண்டும். அடுத்த இடுக்குக்கு நூலின் புதிய பகுதியைப் பயன்படுத்துவது முறை. தூரிகைக்கு முன்னரா, பின்னரா என்று சிலர் வாதிடுவர். நாள்தோறும் ஒருமுறை நடைபெறுகிறதா என்பதே பெரிது.

தையல் நூலையும் தலைமயிர் ஊசியையும் நெருப்புக்குச்சியையும் இவ்வேலைக்குக் கொள்வோர் உண்டு. பஞ்சு நூல் இடுக்கில் அறுந்து சிக்கும். ஊசி முரசைக் குத்திப் புண்ணாக்கும். ஈர்க்கும் அத்தகையதே. தும்பை எடுக்க அது உதவலாம். அதன் முனை ஒடிந்து முரசுக்குள் தங்கிப் பழுத்த வேளைகளும் உண்டு.

நீர்த்தாரைக் கருவி இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்தது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போர்ட் கொலின்ஸ் என்னும் ஊரில், ஜெரால்ட் மோயர் என்னும் பல் மருத்துவரும் ஜோன் மற்றிங்லி என்னும் நீரியற் பொறியியலாளரும் சேர்ந்து 1962ஆம் ஆண்டளவில் அதனை உருவாக்கினர். சிறு தொட்டியில் உள்ள நீரை ஒரு பம்பு உறிஞ்சி, ஊசித்துளை போன்ற முனை வழியே பீச்சுகிறது. நீர் இடையறாது ஓடுவதில்லை. நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட துடிப்புகளாக வெட்டி வெட்டிப் பாய்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் முரசு சற்று அமுங்கி, மறுகணம் விடுபடுகிறது. அவ்விடைவெளியில் நீர் முரசின் விளிம்புக்குள் புகுந்து அங்குள்ள கழிவை வெளியே கொணர்கிறது.

மறுபடியும் கிணற்றடிக்குச் செல்வோமாயின், இஃது இறைப்பு இயந்திரத்தின் குழாயைத் தொட்டியின் பக்கமாகத் திருப்பிப் பீச்சுவது போன்றது. இளகிய பாசியெல்லாம் அடித்துச் செல்லப்படும்; பொச்சுமட்டை நுழையாத மூலைக்குள்ளும் நீர் நுழையும். கல்லோடு இறுகப் பற்றிய மெல்லிய பச்சை மட்டும் எஞ்சி நிற்கும். நூலின் வலிமையும் குறையும், நீரின் வலிமையும் குறையும் இவ்வுவமையில் ஒருங்கே அடங்குகின்றன.

இவ்விரண்டையும் ஒப்பிட்ட ஆராய்ச்சிகள் பல. முரசிலிருந்து இரத்தம் கசிவதைக் குறைப்பதில் நீர்த்தாரை நூலினும் மேம்பட்டது என்று சில கூறின. இவ்வாராய்ச்சிகளிற் பல, கருவியை விற்கும் நிறுவனத்தின் பொருளுதவியோடு நடந்தவை என்பதை நினைவிற் கொள்வது நன்று. கொக்ரேன் என்னும் சர்வதேச மருத்துவ ஆய்வுக் கூட்டமைப்பு 2019ஆம் ஆண்டில், 3,929 பேர் பங்குபற்றிய 35 சோதனைகளைத் திரட்டி நிறுத்துப் பார்த்தது. தூரிகையோடு நூலையும் சேர்த்துக்கொண்டால் முரசு அழற்சி தூரிகை ஒன்றினால் அடைவதினும் குறையக்கூடும் என்றும், நீர்த்தாரையினால் முதல் மாதத்தில் அவ்வாறு குறையக்கூடுமாயினும் மூன்றாம், ஆறாம் மாதங்களில் அந்நன்மை புலப்படவில்லை என்றும், பல்லிடைக்கெனச் செய்த சிறு தூரிகை நூலினும் மேலானதாயிருக்கக்கூடும் என்றும் அது கூறிற்று. கிடைத்த சான்றின் உறுதி குறைவு என்பதையும் அது மறைக்கவில்லை. அதற்கு மூன்று ஆண்டு முன்னர், 2016ஆம் ஆண்டில், நூலுக்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கச் செய்தித்தாள்கள் எழுதியபோது, பலர் நூலை வீசிவிடவும் தயாராயினர். சான்று குறைவு என்பது வேறு. பயனில்லை என்பது வேறு. சோதனைகளிற் பெரும்பாலானவை சில மாதங்களே நடந்தவை. எலும்பு கரைவதோ பல்லாண்டு காலத்து வேலை. அன்றியும், நூலைச் சரிவரப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே. தவறாகப் பிடித்த மண்வெட்டியைக் கொண்டு மண்வெட்டியின் தரத்தை மதிப்பிடலாகாது.

ஆகவே தீர்ப்பு, வாயைப் பார்த்தே கூறவேண்டிய ஒன்று. பற்கள் நெருங்கி நிற்கும் இளைஞர்க்கும், விரல்கள் நன்கு இயங்குவோர்க்கும் நூலே முதலிடம் பெறுகிறது. பற்கள் முளைத்து ஒன்றையொன்று தொடத் தொடங்கிய பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ நூலைப் பிடித்துவிடலாம். முரசு இறங்கி இடுக்கு அகன்ற முதியவர்க்கு நூல் அவ்வளவு பயன்படாது. வேரின் பக்கத்திலுள்ள பள்ளத்தை அது தொடாது பாலம்போற் கடந்துவிடும். அவர்க்குப் போத்தல் கழுவும் தூரிகையின் வடிவில் மிகச் சிறிதாகச் செய்த பல்லிடைத் தூரிகையே ஏற்றது. பற்களை ஒழுங்குபடுத்தக் கம்பி கட்டிய மாணவர்க்கும், செயற்கைப் பல்லை அயற்பற்களோடு நிலையாகப் பொருத்தியவர்க்கும், விரல்மூட்டு வாதத்தினாலோ பாரிசவாதத்தினாலோ கை ஓடாதவர்க்கும் நீர்த்தாரை பேருதவி. நூல் பிடிக்கச் சோம்பி ஒன்றும் செய்யாதிருப்பவர்க்கும் அது ஒன்றும் செய்யாமையினும் மேலானது. தூரிகையின் இடத்தை மட்டும் இவற்றுள் எதுவும் பிடிக்க முடியாது.

உரும்பிராய் வாசிகளுக்கு நீர்த்தாரையைப் பற்றித் தனியே கூறவேண்டிய செய்திகள் சில உண்டு. குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி வருவதால் வன்மை மிக்கது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதன் சுண்ணாம்பே. ஊசித்துளை முனையை அது சில மாதங்களில் அடைத்துவிடும். பம்பின் வலிமையும் குன்றும். விநாகிரியை நீரிற் கலந்து கருவியினூடே இடையிடையே செலுத்திப் பின்பு நல்ல நீரால் அலசினால் படிவு கரையும். சேமித்த மழைநீரைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்துவோர்க்கு இத்தொல்லை குறைவு. கொதிக்கவைத்தல் எந்த நீருக்கும் இன்றியமையாதது. மலசலகூடக் குழிகள் கிணறுகளுக்கு அண்மையிலிருப்பதால் கிருமி கலத்தல் குடாநாட்டிற் பலகாலும் அறியப்பட்ட குறை. புண்பட்ட முரசுக்குள் அந்நீரை விசையோடு செலுத்துவது தகாது. கொதித்து ஆறிய, இளஞ்சூடான நீரே ஏற்றது. வேலை முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்து உலரவிடல் வேண்டும். தேங்கிய நீரிற் பூஞ்சணம் பிடிக்கும்.

மற்றொன்று மின்சாரம். கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் ஏறத்தாழ 120 வோல்ற். இலங்கையில் 230 வோல்ற். அங்கிருந்து அன்போடு கொணர்ந்த கருவியை இங்குள்ள சுவரிற் செருகியவுடன் அது கருகிப்போகலாம். மின்னேற்றியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை முதலிற் படித்தல் வேண்டும். பயன்படுத்தும்போது மிகக் குறைந்த விசையில் தொடங்கி, முகத்தைத் தொட்டியின் மேற் குனிந்து, உதடுகளைச் சற்றே மூடி, முனையை முரசின் விளிம்புக்கு நேராகப் பிடித்து, ஒவ்வோர் இடுக்கிலும் சிறிது தரித்துச் செல்வது முறை. இருதய வால்வு மாற்றியவர்கள் தம் வைத்தியரைக் கேட்ட பின்னரே இக்கருவியைத் தொடவேண்டும்.

நூலோ நீரோ, எதனைத் தொடங்கினாலும் முதற் சில நாட்களில் இரத்தம் கசிவது இயல்பு. பலர் அஞ்சி அத்தோடு நிறுத்திவிடுகின்றனர். இரத்தம் நூலினால் வந்ததன்று. முன்னரே வீங்கியிருந்த முரசு தொட்டவுடன் கசிகிறது. இரண்டு வாரமாகியும் நில்லாவிடின் பல் வைத்தியரிடம் காட்டல் வேண்டும். சுருட்டுப் புகைப்போர்க்கு இவ்வெச்சரிக்கையும் கிட்டாது. புகையிலையிலுள்ள நிக்கொற்றின் முரசின் நுண்குழாய்களைச் சுருக்குவதால், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போதும் வெளியே இரத்தம் தோன்றாது. புகையிலையைப் பயிரிட்டும் வெற்றிலையோடு மென்றும் பழகிய குடாநாட்டில் இது பலருக்கும் பொருந்தும். வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெண்படையோ கண்டால், அது நூலுக்கும் நீருக்கும் அப்பாற்பட்ட விடயம். உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய ஒன்று.

நீரிழிவு உள்ளவர்க்கு முரசு நோய் விரைவாகவும் கடுமையாகவும் வரும்; முரசு நோய் முற்றினால் இரத்தத்தின் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ஒன்றை ஒன்று வளர்க்கும் இவ்விரு நோயும் ஒருவரிடத்தே இருப்பின், பல்லிடைத் துப்புரவு அவர்க்கு மாத்திரையை ஒத்த அன்றாடக் கடமையாகிவிடுகிறது.

இனிக் காரை. கலைக்கப்படாத படலம் ஓரிரு நாளிலேயே உமிழ்நீரிலுள்ள உப்புகளை ஏற்று இறுகத் தொடங்கும். கிணற்றுநீரின் சுண்ணாம்பினால் பற்காரை கட்டுகிறது என்னும் எண்ணம் யாழ்ப்பாணத்திற் பரவலாக உண்டு, அது தவறு. காரைக்கு வேண்டிய சுண்ணாம்பு உமிழ்நீரிலிருந்தே வருகிறது. ஆகையால் மழைநீர் குடிப்பவர்க்கும் காரை கட்டும். இறுகிய காரையை நூலும் அகற்றாது, எத்துணை விசையுள்ள நீர்த்தாரையும் அகற்றாது. பல் வைத்தியர் தம் கருவியாற் சுரண்டியே எடுத்தல் வேண்டும். காரை எடுத்தால் பல் ஆடும் என்று அஞ்சிப் பலர் அதனைத் தள்ளிப்போடுகின்றனர். ஆடுவது உண்டு. அடிவாரம் கரைந்த மதிலுக்கு முட்டுக்கொடுத்ததுபோல், எலும்பு கரைந்த பல்லை அதுவரை காரை நிறுத்திவைத்திருக்கும். முட்டை எடுத்ததும் மதிலின் உண்மை நிலை வெளிப்படும். அந்நிலையிலும் காரை நீங்கிய இடத்தை நாள்தோறும் துப்புரவாக வைத்திருந்தால், சற்றே ஆடிய பற்களுட் பல சில வாரங்களில் இறுகிவிடுவதைப் பல் வைத்தியர் கண்டிருக்கின்றனர்.